பிள்ளையார் கேசட்

1

ஒரு கல்லூரியின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'கணினி வளர்ச்சியின் மைல்கற்கள்'. எனக்குத் தெரிந்த மைல்கல் உசிலம்பட்டிச் சாலையில் ஆடு கட்டியிருக்கும் கல்தான். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். 'மனித குலத்தின் சிந்தனை வரலாற்றில் கணினியானது' என்று தொடங்கினேன். அந்த 'ஆனது'விலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

அறையளவு இயந்திரம் மேசையளவுக்குச் சுருங்கிய கதையை மலரில் வேறு யாராவது எழுதுவார்கள். கேசட்டைப் பற்றி எழுத மாட்டார்கள். வீடுகளுக்கு வந்த ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்கள் பலவும் மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் எழுதிய புரோகிராமைப் பாட்டுக் கேட்கும் சாதாரணக் கேசட்டில் சத்தமாகப் பதிந்துவைத்தார்கள். தகரத்தை ஆணியால் கீறுவது போன்ற சத்தம். அந்தச் சத்தத்தை ஆசையாகக் கேட்கும் ஒருத்தி எப்படி இருப்பாள் என்று யோசித்தேன். கட்டுரை கெட்டது இப்படித்தான்.

2

முதல் பிரதியில் அவள் துணிச்சல்காரி. அடுத்ததில் ஓயாமல் அழுதாள். இரண்டையும் கிழித்த பிறகுதான் சின்னத்தாய் ஆனாள். எழுமலைக்காரி. காளவாசலில் ஒரு மாடியில் அப்துல் அலீம் பாய் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். வருஷம் 1985.

பாயின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். டிவியோடு இணைத்துக்கொள்ள வேண்டும். பாய் அதைத் தேனிக்காரர் ஒருவருக்கு விற்க முடிவு செய்துவிட்டார்.

"ஒரு வேலையும் பாக்காத சாமானுக்குத் தெனமும் தொடச்சுத் துணி போத்தணுமாம்மா?" என்றார். "திங்கக்கிழமை ஆள் வாராரு. அதுக்குள்ள ஏதாச்சும் செஞ்சு காட்டுச்சுன்னா இங்கேயே கெடக்கட்டும்."

சின்னத்தாய் ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினாள். மாணவர்கள் டைப் அடித்தால் பிழை எங்கே என்று கம்ப்யூட்டரே காட்டும். அவள் சிவப்புப் பென்சிலால் செய்துவந்த வேலைதான்.

3

(இங்கே ஒரு சந்தேகம். அவளுக்கு ஏன் இந்தப் பாடு? 'அறிவுத்தாகத்தால் உந்தப்பட்ட' என்று எழுதி அடித்துவிட்டேன். தாகம் என்றால் பானையில் மொண்டு குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.)

படித்து முடித்த நாளிலிருந்து அவள் விரல்கள் அடித்ததெல்லாம் அடுத்தவர் வாக்கியம். 'தங்கள் கடிதம் கிடைத்தது', 'தயவுசெய்து ஆவன செய்க'. இந்தத் திரையில் அடித்ததுதான் அவளே யோசித்தது. தப்பாக இருந்தால் எந்த வரியில் தப்பு என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதோடு நிறுத்திக்கொள்ளும். எப்போது கல்யாணம் என்று கேட்காது. இது போனால் அவளுக்கு மறுபடியும் சிவப்புப் பென்சில்தான்.

(கைப்பிரதி இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. யோசித்ததை நேராகத் திரையில் அடித்தாள், கேசட்டில் பதிந்தாள். எழுத்தாளர்கள் யாரும் சிரிக்க வேண்டாம்.)

4

ஞாயிற்றுக்கிழமை புரோகிராம் முடிந்தது. அதற்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை. (தலைப்புக் கிடைக்காமல் தவிப்பவளை எனக்கு உடனே பிடித்துவிடும்.) எதை எழுதினாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடுகிற கை அது. கேசட்டின் மேல் சீட்டு ஒட்டி 'உ' என்று மட்டும் போட்டாள். திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்திலும் போட்டாள்.

டேப் ரெக்கார்டர் இரவல். கீழே மைக் செட் கடை வைத்திருக்கும் விருமாண்டியுடையது. திங்கட்கிழமை காலையில் அதே தெருவில் ஒரு காதுகுத்துக்காக அவன் அதைத் தூக்கிக்கொண்டு போனான். கேசட் உள்ளேயே இருந்தது. மைக் செட் கட்டினால் முதலில் பிள்ளையார் பாட்டு. கேசட்டில் பார்த்தால் பிள்ளையார் சுழி. பொத்தானை அழுத்தினான்.

சின்னத்தாய் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தாள். தெரு முழுக்கக் காதைப் பொத்தியது. காது குத்த வேண்டிய பிள்ளை, ஊசியைப் பார்க்கும் முன்பே வீறிட்டது. அவள் மட்டும் நின்று கேட்டாள். முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை, பெருமை. குழாய் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்பது அவள் எழுதியது. அப்படிப் பெருமைப்பட்டதற்கு அடுத்த நொடியே வெட்கப்பட்டாள்.

(எனக்கு அவள் மேல் கொஞ்சம் பொறாமை. நான் எழுதியதை இத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டதில்லை. காதைப் பொத்திக்கொண்டுகூட.)

5

மத்தியானம் விருமாண்டி ரெக்கார்டரையும் கேசட்டையும் மாடிக்குக் கொண்டுவந்தான்.

"டீச்சர், ஒங்க பிள்ளையாருக்குத் தொண்டை கட்டிக்கிருச்சு."

"அண்ணே, அது பாட்டில்ல."

"அதத்தான் நானும் சொல்றேன். அது பாட்டே இல்ல. பந்தல்ல அம்புட்டுப் பேரும் என்னய வஞ்சுட்டாக." குரலைத் தணித்துக்கொண்டான். "விடுங்க. கடையில வச்சு நல்ல பிள்ளையார் பாட்டா ஒண்ணு பதிஞ்சு கொண்டாந்திருக்கேன். காசெல்லாம் வேணாம்."

சின்னத்தாய் அவன் கையிலிருந்த கேசட்டைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கத்துல அண்ணே பதிஞ்சீக?"

அவன் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு பக்கமும் உ போட்டு வச்சிருக்கீகளே. நான் எதக் கண்டேன்?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பாய் யாரிடமோ, பார்த்து ஏறும்படி சொல்வது கேட்டது. தேனிக்காரர் வந்துவிட்டார்.

6

ஒரு முடிவு எழுதினேன். விருமாண்டி வெறும் பக்கத்தில் பதிந்திருக்கிறான். கம்ப்யூட்டர் பிழைகளைக் காட்டுகிறது, தேனிக்காரர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறார், பாய் 'மாஷா அல்லாஹ்' என்கிறார். மலர்க் குழுவுக்குப் பிடிக்கும். இன்னொன்றில் பாட்டு முழுதாக ஓடுகிறது, கம்ப்யூட்டர் தேனி பஸ் ஏறுகிறது, அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து

வேண்டாம். முதல் முடிவு நான் சின்னத்தாய்க்குக் கொடுக்கும் லஞ்சம். இரண்டாவது, சோகத்தை விரும்பும் உங்களுக்குக் கொடுக்கும் லஞ்சம். இரண்டுக்கும் எனக்கு மனசு வரவில்லை. கேசட் அவள் கையில் இருக்கிறது. அதிலிருந்து வரப்போகும் சத்தத்தை நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

நான் பார்த்த வரைக்கும் எழுதிவிடுகிறேன். பாயும் தேனிக்காரரும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவள் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு வயரைச் செருகினாள். பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, இதுவரை எந்தக் காரியத்துக்கும் வா வா என்றே கூப்பிட்டுப் பழகிய சாமியிடம், பக்கத்தில் நின்ற விருமாண்டிக்குக்கூடக் கேட்காமல் முணுமுணுத்தாள்:

"பிள்ளையாரப்பா, இன்னைக்கு மட்டும் நீ வந்துராத."