முப்பத்தாறாயிரம் ரூபாய்க் காற்று

விஷ்ணுப்ரியாவின் தலைமுடி சுருட்டை, நல்ல அடர்த்தி, இடுப்பு வரை நீளம். மழைக்காலத் திருவனந்தபுரத்தில் அது காய்ந்ததாகச் சரித்திரமே இல்லை. காலை ஆறு மணிக்குக் குளிப்பாள். ஏழே முக்காலுக்கு ஈரத்தோடு கொண்டை போட்டு, அதன் மேல் ஹெல்மெட்டை அழுத்தி மாட்டிக்கொண்டு, கரமனையிலிருந்து கழக்கூட்டத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்புவாள். அலுவலகத்தில் கொண்டையை அவிழ்த்தால், ராத்திரி முழுக்க மூடி வைத்த சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி ஒரு வாடை வரும். ஜூனில் அரிப்பு தொடங்கியது. ஜூலையில் அதுவே புண்ணாகிவிட்டது.

"பூஞ்சை," என்றார் தோல் டாக்டர். "மருந்து தரேன். ஆனா ஈரத்தலையில ஹெல்மெட் போட்டா மருந்துக்குக் கொடுக்கிற காசு வீண். ஒரு நல்ல ஹேர் டிரையர் வாங்கிக்கோங்க."

வீட்டில் சொன்னதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

"நாலரைக்கு எழுந்துண்டு குளி. ஏழரைக்குள்ள தன்னால காஞ்சுடும்," என்றாள் மாமியார் அனந்தலக்ஷ்மி.

"பேசாம பாதியா வெட்டிடேன். முடிஞ்சது வேலை," என்றான் கணவன் கிரிஷ்.

"வெட்டறதாவது! ராத்திரியே குளிச்சுட்டுப் படுத்துக்கட்டும்," என்றாள் மாமியார்.

"ராத்திரி ஈரத்தோட படுத்துண்டா தலையணையில பூஞ்சை வரும்மா," என்றாள் விஷ்ணுப்ரியா. யாரும் காதில் வாங்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் முதுகு வலிக்கிறது என்று கிரிஷ் இருபத்தொன்பதாயிரத்துக்கு ஒரு நாற்காலி வாங்கினான். அன்றைக்கு யாரும் அவனைத் தரையில் உட்காரச் சொல்லவில்லை. நாலரைக்கு எழுந்து நிமிர்ந்து நிற்கவும் சொல்லவில்லை. நாற்காலி வந்தது, உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

ஆனால் விலையைப் பார்த்தபோது அவளுக்கே அதைவிடக் கோபம் வந்தது. அலுவலகத்தில் பெண்கள் எல்லாரும் புகழ்கிற டிரையர் முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். வீட்டு ஃபிரிட்ஜே இருபத்தெட்டாயிரம்தான். அது ராப்பகல் ஓடி ஒரு குடும்பத்தின் தயிர், மாவு, காய்கறி எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. இது தினமும் பத்து நிமிடம் ஊதப்போகிறது. ஊதுவதற்கு இவ்வளவா? காற்றுக்கா? இணையத்தில் பாதிப்பேர் 'வாழ்க்கையே மாறிவிட்டது' என்றார்கள். மீதிப்பேர் 'பட்டை நாமம்' என்றார்கள். இரண்டு வாரம் படித்தும் அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கழக்கூட்டத்தில் அவள் செய்கிற வேலையே புதிதாக எழுதிய மென்பொருள் சொன்னபடி வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான். எட்டு வருஷமாக அடுத்தவர் சொல்லை நம்பாமல் சம்பளம் வாங்குகிறவள் இதை மட்டும் ஏன் நம்பவேண்டும்?

சனிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு காரில் ஏறினாள்.

"இப்படியேவா கடைக்கு வரப்போறே?" கிரிஷ் சாவியைத் திருகாமல் கேட்டான்.

"காஞ்ச தலையோட போய் எதைப் பாக்கறது? வண்டிய எடு."

எம்.ஜி. ரோட்டில் மூன்று மாடிக் கடை அது. ஓணம் ஆஃபர் தோரணங்கள் கூரையிலிருந்து தொங்கின. டிரையர்கள் இருந்த இடத்தில் ஷாலு என்று பெயர் அட்டை குத்திய பெண் நின்றிருந்தாள். இருபத்துமூன்று வயது இருக்கும். அவள் வாயைத் திறப்பதற்குள் டை கட்டிய மேனேஜர் வந்துவிட்டார். மலையாளமும் தமிழும் கலந்து, நேராகக் கிரிஷிடம் பேசினார்.

"வரணும் சாரே. வைஃபுக்கு ஓணம் கிஃப்ட், அல்லே? சாரோட பட்ஜெட் எத்தரை?"

"பட்ஜெட் என்னோடது," என்றாள் விஷ்ணுப்ரியா. "முடியும் என்னோடது. என்னைப் பாத்துப் பேசுங்க."

மேனேஜர் சிரித்துக்கொண்டே முப்பத்தாறாயிரம் ரூபாய் டிரையரை எடுத்தார். "கை நீட்டுங்க மேடம்." உள்ளங்கையில் காற்றை அடித்தார். "எந்தொரு ஃபோர்ஸ், பாத்தீங்களா?"

"உள்ளங்கையிலயா எனக்கு முடி இருக்கு?"

துண்டை அவிழ்த்தாள். ஈரமுடி முதுகில் விழுந்தது. தரையில் தண்ணீர் சொட்டியது. ஒரு பக்கத்தை இதிலும் மறுபக்கத்தை இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் டிரையரிலும் காயவைத்துக் காட்டச் சொன்னாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்யவேண்டும், நேரத்தை அவளே ஃபோனில் குறித்துக்கொள்வாள்.

"நனைஞ்ச தலையில டெமோ கிடையாது மேடம். பாலிசி."

"காஞ்ச தலைக்கு டிரையர் எதுக்கு சார்? அங்க மிக்ஸியில மாவு அரைச்சுக் காட்டறீங்க. வாக்வம் கிளீனருக்குத் தரையில அவலைக் கொட்டி உறிஞ்சிக் காட்டறீங்க. முப்பத்தாறாயிரம் கொடுக்கப்போறவளுக்கு மட்டும் உள்ளங்கையா?"

அவள் குரல் உயர்ந்தது. மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் திரும்பினார்கள். கிரிஷ் மெல்ல நகர்ந்து டி.வி.க்கள் இருந்த பக்கம் போய், அங்கே திரையில் நீந்திக்கொண்டிருந்த மீன்களை உற்றுப் பார்க்கத் தொடங்கினான். கூட்டத்தைப் பார்த்த மேனேஜர் கடைசியில், "சரி, ஷாலு செய்வா," என்றார். ஷாலுவைத் தனியே அழைத்து ஏதோ சொன்னார். பிறகு ஒரு ஸ்டூலும் கண்ணாடியும் வந்தன.

இடப்பக்கம் விலை உயர்ந்தது. ஷாலு முடியை நான்காகப் பிரித்து, கிளிப் போட்டு, ஒவ்வொரு பகுதியாகக் காயவைத்தாள். ஏழு நிமிடம் நாற்பது விநாடி. மண்டையில் சூடே தெரியவில்லை. சத்தமும் குறைவு. முடி பட்டுப்போல இறங்கியது. வலப்பக்கம் மற்றது. அது ஹோவென்று இரைந்தது. சுருட்டை முடி நாலாபக்கமும் பறந்தது. பன்னிரண்டு நிமிடம் பத்து விநாடி.

ஏமாற்று வேலை என்று நிரூபிக்க வந்தவளுக்கு இது பெரிய அடி. இவ்வளவு விலை வைத்துவிட்டு, சொன்னபடி வேலையும் செய்கிறது என்றால் யாரோடு சண்டை போடுவது? முழுத்தலைக்குத் தினமும் ஒன்பது நிமிடம் மிச்சம். புண்ணில் சூடு படாது.

"மாசம் மூவாயிரத்து எழுபத்தஞ்சு ரூபா, பன்னிரண்டு மாசம்," என்றார் மேனேஜர். "காப்பி குடிக்கிற காசு மேடம்."

மனமில்லாமல்தான் கைப்பையைத் திறந்தாள். கார்டு விரலில் தட்டுப்பட்டது.

அப்போது கிளிப்புகளை எடுத்துக்கொண்டிருந்த ஷாலு குனிந்தபடியே சொன்னாள். "சேச்சி, வலப்பக்கம் நான் சரியா செய்யலை."

"ஷாலு!" என்றார் மேனேஜர்.

"இந்தச் சின்னதுக்கும் காத்தைக் குவிக்க முனையில மாட்டுற குழல் உண்டு. பெட்டியிலதான் இருக்கு. போடலை. முடியையும் பிரிச்சு எடுக்கலை. ஸ்பீடும் முழுசா வைக்கலை."

"யாரு வைக்கவேண்டாம்னு சொன்னது?" என்றாள் விஷ்ணுப்ரியா.

மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டார். அதைவிடத் தெளிவான பதில் வேண்டியிருக்கவில்லை.

விஷ்ணுப்ரியாவுக்கு முகமெல்லாம் சுட்டது. ஏமாற்றப் பார்த்தது ஒரு பக்கம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டு, கடிகாரத்தையே பார்த்து, தலைமேல் நடந்ததைப் பார்க்காமல் விட்டாளே, அது இன்னொரு பக்கம். கார்டை உள்ளே போட்டுப் பையை மூடினாள். வாஷ்ரூமுக்குப் போய் முழுத்தலையையும் குழாயடியில் நனைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வந்த வழியெல்லாம் தரையில் ஈரம்.

"முதல்லேருந்து," என்றாள்.

இதற்குள் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் மிக்ஸி ஜாரைக் கையில் பிடித்தபடி ஒரு அம்மாள். தாசம்மாள் என்று பெயர். நாகர்கோவில்காரி. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். "நேரத்த நான் பாக்குதேன். என்னை ஏமாத்த முடியாது," என்று விஷ்ணுப்ரியாவின் ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

இந்தத் தடவை இரண்டு பக்கமும் நாலு பகுதி, இரண்டுக்கும் குழல், இரண்டுக்கும் முழு வேகம். இடப்பக்கம் ஏழு நிமிடம் ஐம்பது விநாடி. வலப்பக்கம் ஒன்பது நிமிடம் ஐந்து விநாடி. தாசம்மாள் இரண்டு பக்கத்தையும் விரலால் கோதிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் வழுவழுன்னு இருக்கு. அந்தப் பக்கம் கொஞ்சம் புசுபுசுன்னு இருக்கு. காஞ்சது ரெண்டும் ஒண்ணுபோலத்தான் காஞ்சிருக்கு."

"ஒரு பக்கத்துக்கு ஒண்ணேகால் நிமிஷம்," என்றாள் விஷ்ணுப்ரியா. "முழுத்தலைக்கு ரெண்டரை. ரெண்டரை நிமிஷத்துக்கு முப்பத்துநாலாயிரம் கூட!"

கூட்டம் சிரித்தது. மேனேஜருக்கு அதுதான் பொறுக்கவில்லை. "ஷாலு, பேகை எடுத்துட்டு வீட்டுக்குப் போ. திங்கட்கிழமை வரண்டா."

சிரிப்பு அப்படியே நின்றது. ஷாலு டிரையரின் வயரைச் சுற்றினாள். அவிழ்த்து மறுபடி சுற்றினாள். கண் நிறைந்துவிட்டது.

"எதுக்காக வரவேண்டாம்?" விஷ்ணுப்ரியா எழுந்துவிட்டாள். ஸ்டூல் பின்னால் சரிந்தது. "உண்மையைச் சொன்னதுக்கா? பொய் சொல்லச் சொன்ன நீங்க இங்க நிப்பீங்க, அவ வீட்டுக்குப் போகணுமா?"

"இது ஸ்டாஃப் விஷயம் மேடம்." மேனேஜர் குரலைத் தணித்தார். "மேடம் பர்ச்சேஸ் பண்ணினா எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லாம் மறந்துடலாம்."

இப்போது அந்த டிரையரின் விலை வேறு. வாங்கினால் இந்தப் பெண்ணுக்கு வேலை. வாங்காவிட்டால் தன் பணம் பத்திரம், இவள் தெருவில். எப்படிப்பட்ட மனுஷன் இவர்! கை மறுபடி பைக்குப் போயிற்று.

"வேண்டாம் சேச்சி," என்றாள் ஷாலு. "எனக்காக அதை வாங்கண்டா. நான் வாங்கமாட்டேன் அந்த விலைக்கு."

தாசம்மாள் மிக்ஸி ஜாரை மேசைமேல் டொக்கென்று வைத்தாள். "ஏ மோனே, அந்தப் பிள்ளைய எதுக்கு ஏசுதே? எனக்கு அந்த ரெண்டாயிரத்து எண்ணூறு ரூவா மிஷின் ஒண்ணு வேணும். பில்லு இவதான் எழுதணும். வேற யாரு எழுதினாலும் எனக்கு வேண்டாம். மிக்ஸியும் வேண்டாம்."

"எனக்கும் ஒண்ணு," என்றாள் பின்னாலிருந்து கல்லூரி மாணவி ஒருத்தி. "பில்லு ஷாலு சேச்சி பேர்ல." அவளுடைய தோழி கையைத் தூக்கினாள். கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி கணவனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். விஷ்ணுப்ரியாவும் ஒன்று எடுத்தாள். மொத்தம் ஏழு. அலமாரியில் இருந்ததே ஏழுதான்.

மேனேஜர் ஏழு பேரையும் பார்த்தார், காலி அலமாரியைப் பார்த்தார், ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற வாடிக்கையாளர்களையும் பார்த்தார். "பில் போடு," என்று ஷாலுவிடம் சொல்லிவிட்டு, படியேறி மேல்மாடிக்குப் போய்விட்டார். திங்கட்கிழமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தாசம்மாள் விடுவதாக இல்லை. "திங்கக்கிழம நான் வருவேன், மக்களே. நீ இல்லேன்னா மிஷின திருப்பிக் கொடுத்திருவேன்," என்று ஷாலுவிடம், படிக்கட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

கிரிஷ் டி.வி. பக்கத்திலிருந்து திரும்பி வந்தான். பெட்டியைப் பார்த்தான். "முப்பத்தாறாயிரத்துக்குன்னு வந்துட்டு ரெண்டாயிரத்து எண்ணூறா? அது நல்ல பிராண்டு ஆக்கும்."

"நீ எங்க இருந்தே இவ்வளவு நேரம்?"

"இங்கதான்."

"இங்க இல்லை. இங்க நான் இருந்தேன். எவளோ ஒரு நாகர்கோவில் மாமி இருந்தா. நீ மீன் பாத்துண்டிருந்தே."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தான். வண்டி கரமனைப் பாலம் தாண்டும் வரை அவளுக்குக் கோபம் ஆறவில்லை. விலையை நினைத்துக் கோபம். குழலைப் பெட்டிக்குள்ளேயே விட்டதை நினைத்துக் கோபம். தன்னைக் கிட்டத்தட்ட வாங்கவைத்துவிட்டார்களே என்று எல்லாவற்றையும்விடக் கோபம்.

திங்கட்கிழமை மாலை, பில்லில் இருந்த நம்பரைப் பார்த்து ஷாலு ஃபோன் செய்தாள். டிரையர் சரியாக வேலை செய்கிறதா என்று விசாரித்தாள்.

"காலையில பதினெட்டு நிமிஷத்துல முழுத்தலையும் காஞ்சுது. அது கிடக்கட்டும், உனக்கு வேலை இருக்கா?"

"உண்டு சேச்சி. ஆனா வாஷிங் மெஷின் செக்ஷன்ல போட்டுட்டார். அந்த அம்மா காலையில பத்து மணிக்கே வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க."

"ஏழு வித்தியே, இன்சென்டிவ் கொடுத்தாங்களா?"

ஷாலு சிரித்தாள். "ஒண்ணுக்கு இருபது ரூபா. நூத்திநாப்பது."

"அந்தப் பெரிசை வித்திருந்தா?"

"அதுக்குத் தொள்ளாயிரம்."

விஷ்ணுப்ரியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தொள்ளாயிரமா! அப்புறம் ஏன்டீ சொன்னே?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்யணும்னு சேச்சி முதல்லயே சொன்னீங்கல்லே. நான் சரின்னு தலையாட்டினேன். செய்யலை. அப்புறம் சேச்சி பையைத் திறந்தப்ப எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு."

உண்மை சொன்னால் இருபது, பொய்க்குத் தொள்ளாயிரம். விஷ்ணுப்ரியாவுக்கு மறுபடி முகம் சுட்டது. கம்ப்யூட்டரைப் பக்கத்தில் இழுத்தாள்.

"கடை முதலாளிக்கு எழுதப்போறேன். குழல், ஸ்பீடு, மேனேஜர் என்னை வாங்கச்சொல்லி மிரட்டினது, எல்லாம். உன் பேரு வராது. பரவாயில்லையா?"

ஷாலுவின் பின்னால் ஏதோ ஒரு வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம் கேட்டது.

"எழுதுங்க சேச்சி," என்றாள். "ஹெட் ஆபீஸ் ஈமெயில் சொல்றேன், குறிச்சுக்கோங்க."