ஏழாவது பாட்டு

ஜபல்பூரில் மூன்று வருடம் வேலை பார்த்த ஒரே காரணத்தால், ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் இந்தி இசைக்கு மனோகரன்தான் அதிகாரி. யாரும் நியமிக்கவில்லை; அவரே பதவியேற்றுக்கொண்டார். குடியிருப்புச் சங்கச் செயலாளரும் அவரே என்பதால், 1993 ஆண்டு விழாவில் "புதிய இந்திப் படப் பாடல்களில் பல்வகை இசைக் கலப்பு" என்று ஒரு மணி நேரம் விளக்கவுரை ஆற்றப்போவதை யாராலும் தடுக்க முடியவில்லை.

அதே மேடையில் ஐந்து நிமிடம் கேட்டு வந்தான் தங்கவேல். அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை. வேலை விட்டால் கானா. அவன் மாமியார் முனியம்மா, மகனோடு இந்தக் குடியிருப்பில்தான் இருந்தாள். சாவு வீட்டில் பாடுகிறவன் என்பதால், மருமகன் ஒருவன் இருப்பதையே அக்கம்பக்கத்தில் சொல்லமாட்டாள்.

"உயிரோட கீறவங்க முன்னால ஒரு தபா பாடிக்கிறேன் சார். எங்க அத்தை கேக்கணும்."

"இது கலாசார விழாப்பா. ஒப்பாரிக்கு இடமில்லை," என்று அனுப்பிவிட்டார் மனோகரன்.

அடுத்து, கரையான்சாவடியில் பாஸ்கரனின் கேசட் பதிவுக் கடைக்குப் போனார். "புதுசா வந்த இந்திப் படத்துப் பாட்டு எல்லாம் வேணும். தமிழ் ஒரு வார்த்தை கலந்தாலும் கேசட் திரும்பி வரும்!"

படத்தில் ஆறு பாட்டுதான். அவற்றை ஏற்றிய பிறகும் நாடாவில் ஐந்து நிமிடம் மிச்சம். சும்மா ஓடினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்று, கையில் கிடைத்ததைப் போட்டு ரொப்புவது பதிவுக் கடைகளின் தர்மம். பாஸ்கரன் தேடினான். போன வாரம் புது மைக்கைச் சோதிக்க, அவன் கூட்டாளி தங்கவேல் மேசையைத் தட்டிக்கொண்டு 'தன்னன்னா' என்று வார்த்தையே இல்லாமல் பாடியது அகப்பட்டது. தமிழ் கலக்கவில்லையே! ஆரம்பத்தை மட்டும் கேட்டுவிட்டு ஏற்றிவிட்டான்.

கேசட் விழாவன்றுதான் மனோகரன் கைக்கு வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் முதல் அரை நிமிடம் கேட்டார். மேதைக்கு அது போதும்.

விழாவில் ஒலிபெருக்கி அலறியது. "இது கவ்வாலி. இது டிஸ்கோவின் மேல் பஜன். இது கஜல், அடியில் பாங்க்ரா." முன்வரிசைக் குழந்தைகள் தூங்கின. அவர் குரலை உயர்த்தினார். "ஏழாவதுதான் சிகரம்! ராஜஸ்தான் நாடோடி இசை. தாளத்தைக் கவனியுங்கள், பாலைவனத்தில் ஒட்டகம் நடக்கிறது!"

தன்னன்னா தொடங்கியது. தூங்கிய குழந்தைகள் எழுந்து ஆடின. கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. முனியம்மாவும் தொடையில் தட்டினாள். மனோகரன் கண்மூடி ஒட்டகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கி இருமியது. "இன்னா மாமே, டீ சொல்றேன்னியே, வருமா வராதா?"

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "யோவ், ஒட்டகத்துக்கு டீ குடுங்கய்யா!"

முனியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மகள் நாகவல்லி துள்ளி எழுந்தாள். "ஐய, இது எங்க ஊட்டுக்காரரு! அதோ, கேட்டாண்ட நிக்கிது பாரு!"

தப்பிக்கப் பார்த்த தங்கவேலைப் பத்துப் பேர் மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இசைக்கு எல்லை இல்லை என்பதை நிரூபிக்கத்தான் இந்தச் சோதனை," என்று மனோகரன் தொடங்கினார்.

"சார், மேசைய காலி பண்றீங்களா? தட்டணும்," என்றான் தங்கவேல்.

குறிப்புத்தாள், தண்ணீர்ச் சொம்பு எல்லாம் தரைக்கு இறங்கின. அவன் உட்கார்ந்து இரண்டு கையாலும் தட்டத் தொடங்க, மைக் கம்பம் அவன் தலைக்கு மேல் நின்றது. பக்கத்தில் சும்மா நின்றவர் மனோகரன் ஒருவர்தான். மைக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்கள்.

ரேஷன் கடை வரிசையையும் ஆவடி ரயில் கூட்டத்தையும் வைத்து அவனே கட்டிய பாட்டு. இரண்டாவது அடியிலேயே சிரிப்பு வெடித்தது. மூன்றாவதில், முன்வரிசையிலிருந்து முனியம்மாவின் குரல் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு வந்தது:

"யோவ் செகரட்டரி! மைக்க நல்லா கிட்ட புடிய்யா! எங்க மாப்ள பாடிக்கினு கீறாரில்ல!"