பலாமரத்தடியில் நிற்கும் லொறி

மேட்டில் ஏறி வரும் லொறி எந்த இடத்தில் நிற்கும் என்பது மஸாஹிராவுக்கு அறைக்குள் இருந்தபடியே தெரியும். கலகெதரயில் குருணாகல் வீதியை விட்டுத் திரும்பி, கொங்கிரீட் பாதையில் அது ஏறத் தொடங்கும்போது சத்தத்தில் ஒரு குறையும் இருக்காது. பள்ளிவாசல் குழாயடியைத் தாண்டியதும் குரல் மெலியும். இழுக்கும், திணறும், இன்னும் கொஞ்சம் இழுக்கும். பலாமரத்தடிக்கு வந்ததும் அடங்கிவிடும். பிறகு ஒரு சத்தமும் இல்லை. காத்திருந்து சாவியைத் திருப்பினால், எதுவும் நடக்காததுபோல் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நேரே வாசலில் வந்து நிற்கும்.

அவள் இத்தாவில் இருந்தாள், புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம். புருஷன் ரஸீன் மவுத்தான பிறகு இந்த அறையும் கட்டிலும் ஜன்னல் திரையும்தான். வெளியாண்கள் வந்தால் கூடத்தில் இருந்தே பேசுவார்கள், அவள் கதவுத் திரைக்கு இப்பால் இருந்து கேட்பாள். பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. ஜனாஸா வீட்டுக்கு வந்த பெண்கள் அவள் அழவில்லை என்பதைக் கவனித்து, அதைத் தமக்குள் பேசிக்கொண்டதும் அவள் காதில் விழுந்தது. அதுவும் மற்றச் சத்தங்களைப்போல வந்து போனது.

வயது முழுவதும் மற்றவர்களின் லொறிகளை ஓட்டியவன் ரஸீன். கடைசியில் புசல்லாவையில் மரக்கறி வியாபாரம் செய்யும் ராஜலிங்கத்திடமிருந்து இந்தப் பழைய லொறியைத் தனக்கென்று வாங்கினான். கண்டியில் சாமான் ஏற்றிவந்து கலகெதரக் கடைகளுக்குப் போடுவதற்கு ஆட்களையும் பிடித்துவைத்தான். ஆனால் லொறி மேடு கண்ட இடமெல்லாம் நின்றது. ஒரு நாள் கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவன் கதிரையோடு சரிந்தான். நெஞ்சு வலி என்றார்கள் ஆஸ்பத்திரியில். லொறியின் கவலைதான் ஆளைத் தின்றது என்றார்கள் சொந்தக்காரர்கள்.

"மதினி," என்றான் கூடத்திலிருந்து ஷிராஸ். ரஸீனின் தம்பி. "நாளைக்கு ஜும்மா முடிய கண்டியால ஒரு ஆள் வாரார். லொறியக் கெடச்ச வெலைக்குக் குடுத்துருவம். என்ன செல்றீங்க?"

மஸாஹிரா ஜன்னல் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

கொடுத்துவிட்டால் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். மாத்தளையில் இருக்கும் அவளுடைய நானா, மூத்த அண்ணன், வந்து அவளையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார். இந்த வீட்டைப் பூட்டுவார்கள். அங்கே அவருடைய மனைவியின் சமையலறையில் ஒரு ஓரம் கிடைக்கும். லொறி ஓடினால் ஒரு ட்ரைவரைப் போட்டாவது இங்கேயே இருக்கலாம். பிடித்துவைத்த கடைக்காரர்கள் இன்னும் காத்திருந்தார்கள். இதையெல்லாம் அவள் யாருடையதோ கதையைப்போல யோசித்துப் பார்த்தாள்.

"அவக்கு என்ன செல்லத் தெரியும் இப்ப?" என்றாள் ஷிராஸின் மனைவி பஸ்லினா. திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்கும் வெளிக்குமாக நடப்பதே அவளுடைய வேலையாகியிருந்தது. "மொதல்ல அந்த மெக்கானிக் தம்பி பாக்கட்டுமே."

"எத்தின மெக்கானிக் பாத்துட்டான். பில்டர் மாத்தின, நோசல் கழுவின, பம்பக் கழட்டிப் பூட்டின. அந்த ராஜலிங்கம் நானாட தலைல கட்டிட்டான், அவ்வளவுதான்."

பின்னேரம் சதீஸ்குமார் வந்தான். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கலகெதரயில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தான். லொறியை இரண்டு தடவை மேட்டில் ஏற்றிப் பார்த்தான். இரண்டு தடவையும் அது பலாமரத்தடியில் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தான்.

"இந்த லொறிக்கு என்ட மாமிட கொணம்," என்றாள் பஸ்லினா, தேநீரை நீட்டியபடி. "ஏறி வர்ரதுக்குள்ள எட வழில உக்காந்துரும். பொறகு தானா எழும்பி வரும்."

"என்ட உம்மாவ ஏன் இழுக்கிற?" என்றான் ஷிராஸ்.

"லொறிய ஏசாதீங்க அக்கா. அப்புறம் எனக்கும் ஸ்டார்ட் ஆகாது," என்று சதீஸ்குமார் சிரித்தான். பிறகு ஷிராஸைப் பார்த்து, "நானா, ஒன்னு கேக்குறேன். வாங்குன நாள்லருந்தே இப்படித்தானா?"

"மொத நாள்லீந்தே இப்பிடித்தான்."

"இல்ல."

பஸ்லினாவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சொல் வந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது.

"மொத நாள் நிக்காம வந்த," என்றாள் மஸாஹிரா. "மரத்தடிலீந்து வாசல் மட்டும் ஹோன் அடிச்சிட்டு வந்தாரு."

அந்த ஹோன் சத்தத்துக்கு அன்று அவள் அவனை ஏசினாள். ஊருக்கே கேக்குது, என்ன கல்யாண ஊர்கோலமா என்று கேட்டாள். அவன் ட்ரைவர் சீட்டில் இருந்து இறங்காமலே இன்னொரு தடவை அடித்தான். அந்தச் சத்தம் இப்போதும் முழுசாகக் கேட்டது. கேட்டதே தவிர, அது அவளை எதுவும் செய்யவில்லை.

"அப்படின்னா வாங்கும்போது நல்லாத்தான் இருந்திருக்கு," என்றான் சதீஸ்குமார் மெதுவாக. அவன் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினான். "அதுக்குப் பொறகு ரஸீன் அண்ணன் அதுல ஏதாச்சும் செஞ்சாங்களா? எதையாவது மாத்துனாங்களா?"

வெளியே ஒரு ஓட்டோ இறங்கிப் போனது.

நாட்டில் டீசல் தட்டுப்பாடாகி எண்ணெய்க்கு வரிசையில் கிடந்த காலத்தில் பிடித்த பழக்கம் ரஸீனுக்கு. கையில் எப்போதும் இரண்டு கேன் டீசல் இருக்க வேண்டும். வரிசைகள் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சமையலறைக்குப் பின்னால் இருந்த கேன்களின் மூடி இறுக்கமில்லாமல் நாற்றம் வீட்டுக்குள் வரும். மஸாஹிராதான் பிளாஸ்டிக் சொப்பிங் பையில் தேநீர்ச் சோசரைக் கவிழ்த்து, அந்த அளவுக்கு வட்டமாக வெட்டி, கேன் வாயில் போட்டு அதன்மேல் மூடியைத் திருகினாள். லொறி வந்த மறுநாள் மாலை அவன் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு போய் டேங்கில் சாய்த்தான். வெறும் கேனை அவள் திரும்ப எடுத்து வைத்தபோது வட்டத் துண்டைக் காணவில்லை. நிலத்தில் தேடினாள். காற்று கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

சொல்லாமல் இருக்கலாம். நாளைக்கு லொறி போய்விடும். ராஜலிங்கம் ஏமாற்றினான், ரஸீன் ஏமாந்தான் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொன்னால், ஆளைத் தின்றது லொறி என்று சொன்ன வாய்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்றும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எதற்கும் பயம் வரவில்லை. துணிச்சலும் வரவில்லை. சதீஸ்குமார் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் என்பதால் சொன்னாள்.

"டேங்கக் கழட்டிப் பாருங்க. அதுக்குள்ள சொப்பிங் பைத் துண்டொண்டு ஈக்கும். வட்டமா. கேன் மூடிக்கு நான் வெட்டிப் போட்ட. அவருக்குத் தெரியாம டீசலோட உள்ளுக்குப் போய்த்து."

கூடத்திலிருந்து சதீஸ்குமாரின் குரல் வந்தது.

"சரிதான். மேட்டுல எஞ்சின் நல்லா இழுக்கும்ல, அப்ப அந்தத் துண்டு போயி டீசல் உறிஞ்சுற பைப்பு வாயில ஒட்டிக்கும். எஞ்சின் நின்னதும் தானா விட்டுட்டு வெலகிரும். அதான் பொறகு ஒரே சாவில ஸ்டார்ட் ஆகுது. எதையுமே மாத்தாம எப்படி சரியாகுதுன்னுதான் நானும் மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தேன்."

ஷிராஸ் எழுந்து அவனோடு வெளியே போனான்.

பலாமரத்தடியில் டேங்கை இறக்கும் சத்தம் கேட்டது. இரும்பு கல்லில் மோதியது. டீசலை வாளியில் ஊற்றினார்கள். கம்பி உள்ளே போய்ச் சுரண்டியது. அஸருக்கு பாங்கு சொன்னது. அவள் தொழுது முடித்து முசல்லாவை மடித்தபோது பஸ்லினா உள்ளே வந்தாள். கையில் ஒரு சோசர், அதில் பச்சை நிறத்தில் ஒரு துண்டு. டீசலில் ஊறித் தட்டோடு ஒட்டிக்கிடந்தது. அந்தத் துண்டு எதை வைத்து வெட்டியது என்று தெரியாமல், கைக்குக் கிடைத்த தட்டை எடுத்து வந்திருந்தாள். துண்டின் விளிம்பு தட்டின் விளிம்போடு சரியாகப் பொருந்தியிருந்தது.

பஸ்லினா கட்டிலில் உட்கார்ந்தாள். இந்த முறை வாயில் பகிடி வரவில்லை. அக்கா என்ற முறையில் மஸாஹிராவைத் தாத்தா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"தாத்தா, இத ஆருக்கும் செல்லவாணாம். அந்தத் தம்பிட்டயும் செல்லிட்டேன். வாங்கக்குள்ளயே உள்ளுக்கு ஈந்ததெண்டு ராஜலிங்கத்துட தலைல போட்டுருவம். சனம் என்ன பேசுமெண்டு ஒங்களுக்குத் தெரியுமே."

மஸாஹிரா அந்தத் துண்டைப் பார்த்தாள். கடைப் பெயரின் பாதி எழுத்து அதில் இருந்தது. கத்தரிக்கோல் ஓர் இடத்தில் வழுக்கி, பிறகு திரும்பி வந்த தடமும் இருந்தது. விரலால் அதைத் தொட்டாள். வழவழவென்று இருந்தது. மனதுக்குள் ஏதாவது எழும்பும் என்று காத்திருந்தாள். டீசல் நாற்றம் மட்டும் வந்தது.

"அந்த மனிசன் நல்ல லொறிதான் குடுத்தீக்கார்," என்றாள். "ஷிராஸ அவருக்குப் போன்ல ஒரு கோல் எடுக்கச் செல்லுங்க. இவர் ஏமாறவும் இல்ல. பாத்துத்தான் வாங்கீக்கார்."

"அப்ப சனம்?"

"பேசட்டும்."

டேங்கைப் பூட்டி முடிக்க இருட்டத் தொடங்கியது. லொறி கீழே இறங்கிப் போய், வீதியில் திரும்பி, மறுபடியும் ஏறத் தொடங்கியது. குழாயடி. மஸாஹிராவின் கை கட்டில் விளிம்பை இறுக்கியது. குரல் மெலியவில்லை. பலாமரத்தடியும் போனது. ஒரே சீராக வந்து வாசலில் நின்றது. ஹோன் அடிக்கவில்லை.

ஷிராஸ் கூடத்துக்கு வந்து திரைக்கு முன்னால் நின்றான்.

"மதினி. கண்டி ஆளுக்கு என்ன செல்ற?"

"குடுக்கல்லண்டு செல்லுங்க."

"ஆர் ஓட்டுற?"

"இத்தா முடியுமட்டும் ஒரு ட்ரைவரப் பாருங்க. பொறகு நான் பாக்கிறன்."

"சரி," என்றான் அவன். கதிரையில் உட்கார்ந்தான்.

வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் போய் அதை நிறுத்தவில்லை. சதீஸ்குமார் அதன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பஸ்லினாவும் போய் நின்றிருக்க வேண்டும். மஸாஹிரா காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று இருந்தது. அது நிற்கவில்லை.

"நிப்பாட்டச் செல்லுங்க," என்றாள் கடைசியில். "டீசல் வீணாப் போகுது."