ஆறாத தண்ணீர்

பிரீத்திகாவுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. போன வாரம்தான் சாத்தூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, "கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறு கொடுக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை இப்போது கீரைத்தண்டு போலத் துவண்டு கிடந்தது. தாய் மாரிசெல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் வேலை அவளுக்கு. சீசன் நேரம், ஒரு நாள் போகாவிட்டாலும் போர்மேன் அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்.

"தெனமும் தளதளன்னு கொதிக்க வச்சுத்தான குடுக்கேன்! எல்லாம் தொட்டியில மருந்து போடாத கோளாறு" என்று முணுமுணுத்தவள், பிள்ளையை அடுத்த வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டுக் குடத்தோடு மேல்நிலைத் தொட்டிக்குக் கிளம்பினாள். கம்பெனி வேன் வர இன்னும் நேரமிருந்தது.

தொட்டி பார்க்கும் முனியராஜ் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, பிளீச்சிங் பவுடரைத் தொட்டியில போடுதீகளா, இல்ல உங்க வீட்டு வாசல்ல கோலம் போடுதீகளா?"

"ஏத்தா, விடியமுன்ன சரவெடியாட்டம் வெடிக்க? நீயே பாரு."

சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துச் சோதனைச் சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் மஞ்சளானது. "மஞ்சளானா பிளீச்சிங் இருக்குன்னு அர்த்தம். வா, உன் தெருக் குழாயையும் பாத்துருவோம்."

அவள் அங்கேயே குடத்தை நிரப்பிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். தெருக் குழாய்த் தண்ணீரில் எத்தனை சொட்டு விட்டும் நிறம் மாறவே இல்லை. முனியராஜின் முகம் மாறியது.

"இங்கன எங்கனயோ குழாய் உடைஞ்சு, சாக்கடை கலந்து பிளீச்சிங்கை முறிச்சிருது. லைனை அடைக்கேன். யாரும் பிடிக்காதீக."

"கொதிக்க வச்சுக் குடுத்தும் பிள்ளைக்கு வயித்தால போகுதே. கொதிச்சா கிருமி செத்துரும்லண்ணே?"

"செத்துரும். அதைத்தான் குடிச்சுதுன்னா பிள்ளைக்கு ஒன்னும் வந்திருக்கக் கூடாதேத்தா."

அவர் போய்விட்டார். அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரை வைத்தவள், தினமும் காலையில் செய்வதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தண்ணீர் கொதிக்கும். பிள்ளை தண்ணிக்கு அழும். தெரு முனையில் வேன் ஹாரன் அடிக்கும். வாய் பொறுக்காத சூடு. உடனே தெருக் குழாயில் பிடித்த குடத்திலிருந்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் மொண்டு ஊற்றுவாள், குளிக்க வெந்நீர் விளாவுகிற அதே பழக்கத்தில்.

கொன்ற கிருமியைத் தானே திரும்ப ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

கொதித்த தண்ணீரை இறக்கி வைத்தபோது வாசலில் ஹாரன் கேட்டது. வேன் ஜன்னலில் சோலையம்மாள் தலையை நீட்டினாள். "ஏ மாரி! என்னடி, அடுப்புக்குக் காவலா?"

"தண்ணி ஆறலக்கா."

வேனுக்குள் சிரிப்பு. "நல்லா இருக்குடி கதை! பச்சத்தண்ணிய ஊத்தி விளாவிட்டு ஏறு. போர்மேன் காய்ச்சுற காய்ச்சலைவிடவா அது சூடு?"

கை தானாகக் குடத்துப் பக்கம் போனது. தொட்டித் தண்ணீரே ஆனாலும் அது கொதிக்காத தண்ணீர்தான். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"நீங்க போங்கக்கா."

"இடம் போயிரும்டி!"

"போங்க."

இன்னொரு ஹாரன். வேன் நகர்ந்தது. பிள்ளையைத் தூக்கி வந்து மடியில் கிடத்தி, பாத்திரத்துக்கு மூடியைப் போட்டு முறத்தால் விசிறினாள்.

"ம்மா, தண்ணி."

"இந்தா ஆயிருச்சு கண்ணு."

பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. மறுபடி விசிறினாள்.