இருபத்திரண்டரை அங்குல வாசல்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், ஒரு வார இதழில் எங்கள் நகரத்தின் பழைய குடியிருப்புகளைப் பற்றித் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு தெரு, தெருவுக்கு ஒரு வீடு. பதினோராவது வாரம் எனக்குக் காய்ச்சல். ஆவணக் காப்பகத்துக்குப் போகவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை. அச்சகத்து ஆள் வந்து, கட்டுரை இல்லாமல் எழுந்திருக்கமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வளைந்த தெருவில் ஒரு வீட்டு வாசல் மட்டும், ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குக் குறுகலாக இருந்தது ஞாபகம் வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வீட்டில் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர் இருந்தாராம். ஒரே மகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம். அவள் திரும்பி வரும்வரை அவளுடைய கட்டில் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று, கட்டில் வெளியேற முடியாதபடி வாசலை அடைத்துக் குறுக்கினாராம்.

வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. எனக்குக் காய்ச்சலும் விட்டது.

2

இந்தக் கதையை முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

"காலம் உறைந்து நிற்கும் தெருக்கள் ஒவ்வொரு நகரத்திலும்…"

வேண்டாம். உறைந்த தெருவில் யார் குடித்தனம் நடத்துவது? வளைந்த தெருவை இப்போது உற்றுப் பார்த்தால் முப்பத்தோரு வீடுகளில் ஒன்றுகூடக் கட்டினபடி இல்லை. ஒன்பதாம் எண்ணில் மாடி முகப்பை அடைத்துச் சமையலறை ஆக்கியிருக்கிறார்கள். இருபதும் இருபத்தொன்றும் நடுச்சுவரை இடித்து ஒரே வீடாகிவிட்டன. அண்ணன் தம்பி சமாதானமானபோது இடித்தது.* ஒரு வீட்டுச் சன்னல் மருந்துக் கடையாகியிருக்கிறது. முதலில் பாரவண்டிக்காரர்கள், பிறகு அலுவலகக் குமாஸ்தாக்கள், பிறகு வாடகைக்காரர்கள். வந்தவர்கள் எல்லாரும் சுவரில் கைவைத்திருக்கிறார்கள்.

இதை எல்லாம் நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

(* இது உண்மை. இந்தமுறை விசாரித்துவிட்டேன். மறுபடி சண்டை வந்திருக்கிறது. சுவர் மட்டும் இன்னும் எழும்பவில்லை.)

3

போன திங்கட்கிழமை என் வீட்டு மணி அடித்தது. காக்கிச் சட்டையில் ஒரு பெண். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்.

"அக்கா, அந்தக் கட்டில் கதை நீங்கதானே எழுதுனது?"

கையெழுத்துக்காக வந்திருக்கிறார் என்று நினைத்துப் பேனாவைத் தேடினேன். (இதை மறைத்திருக்கலாம். வேண்டாம், கிடக்கட்டும்.)

"ஆமாம்மா. உட்காரு."

"உட்கார வரலக்கா. எங்க வீட்டுக்காரர் வீட்டுக்குள்ள வரணும். உங்க கதை விடமாட்டேங்குது."

அவர் கணவர் தையல்காரர். ஸ்கூட்டர் விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். குடியிருப்பது நான் எழுதிய அதே வீட்டில். வீல்சேர் அந்த வாசலில் நுழையாது. வாசலைப் பெரிதாக்க அனுமதி கேட்டுப் பழம்பகுதிப் பாதுகாப்புக் குழுவிடம் போனால், பதிவேட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள். படியெடுத்து வந்திருந்தார்: "வாசலின் குறுகிய அகலம் இவ்வீட்டின் வரலாற்றுச் சிறப்பு. மாற்றக்கூடாது. ஆதாரம்: வார இதழ்த் தொடர், பதினோராம் கட்டுரை."

"பின்பக்கம் வழி இல்லையா?"

"பின்னாடி அடுத்த தெரு வீட்டுச் சுவர். எங்க வரிசையில எல்லாருக்கும் ஒரே வாசல்தான். அன்னைக்கு ஒரு நடை உள்ள வந்து பார்த்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அந்தக் குத்தை வாங்கிக்கொண்டேன்.

"ஆளுங்க தூக்கிட்டு…"

"முதல் நாள் தூக்குவாங்க. பத்தாவது நாள்? அஞ்சரைக்கு நான் வண்டி எடுக்கணும். அவர் தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடிக்க நாலு பேரைக் கூப்பிடணுமா, சொல்லுங்க."

4

தையல்காரரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அவரைப் பற்றி முதலில் எழுதிய வரி: "அவருடைய கண்கள் சன்னலுக்கு வெளியே எதையோ…"

சன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. அவர் பார்த்துக்கொண்டிருந்தது நர்ஸின் சட்டையை. "தோள்பட்டை இறங்கியிருக்கு சிஸ்டர். கழட்டிக் குடுங்கன்னு சொல்ல முடியாது. நாளைக்கு வேற போட்டுட்டு வந்து இதைக் குடுங்க, கையாலயே தச்சுத் தரேன்."

இந்த ஆளைச் சோகமாக்க நான் எடுத்த முயற்சிகள் மூன்றும் தோற்றன.

கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "சேர் இருபத்தஞ்சு அங்குலம். வாசல் இருபத்திரண்டரை. சட்டையா இருந்தா அக்குள்ல பிரிச்சு விட்டிருப்பேன். வீடாப் போச்சு."

மன்னிப்புக் கேட்டேன்.

"அட விடுங்கம்மா, நல்ல கதை. நானே அழுதிருக்கேன். வாசலைப் பார்க்க வர்றவங்க அந்தக் கட்டில் எங்கன்னு கேப்பாங்க. எங்க கட்டிலையே காட்டிடுவேன். தொட்டுக் கும்பிட்டுட்டுப் போவாங்க."

சிரித்தார். பிறகு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "உள்ள போய்ட்டா வெளிய வர முடியுமான்னுதான் யோசனை," என்றார்.

5

செவ்வாய்க்கிழமை குழு அலுவலகம். தலைவி கட்டடக்கலை படித்தவர், மூக்குக்கண்ணாடிக்காரர். அந்தக் கதை என் கற்பனை என்று சொன்னேன்.

"எழுதுறவங்க தன்னடக்கமா இப்படித்தான் சொல்வீங்க," என்றார்.

"மேடம், அந்த வாசலுக்காகத்தான் பாதிப்பேர் வர்றாங்க," என்றார் பக்கத்தில் இருந்த சுற்றுலா வழிகாட்டி. "கட்டில்னு சொன்ன உடனே கைக்குட்டையை எடுத்துடுவாங்க."

"பதிவேட்டுல இருக்கறதை மாத்த ஆதாரம் வேணும்," என்றார் தலைவி. "நாளைக்குக் கூட்டம் இருக்கு. கொண்டு வாங்க."

நடந்ததற்கு ஆதாரம் காட்டலாம். நடக்காததற்கு? முப்பது வருடம் தொடர்கதை எழுதியவள், ஒரு பொய்யை நிரூபிக்க வழி தெரியாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் என் கணவர். தபால் பிரிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காகிதம் எதையும் எறியமாட்டார். நான் கசக்கிப் போட்டதைக்கூட நீவி, வாரவாரியாகக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார். அதற்காக அவரோடு நான் போடாத சண்டை இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். ஏணியை எடுத்துவந்தார். "பதினோராம் வாரமா? காய்ச்சல் வாரம்." கட்டின் மேல் அப்படித்தான் எழுதியிருந்தது. "இத்தனை வருஷம் குப்பை குப்பைன்னியே, இப்ப வாயைத் திறயேன்."

கட்டை வாங்கிப் பிரித்தேன். கட்டுக்குள் என் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது. மறுநாள் தலைவி அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்:

"வாசல் ஏன் குறுகல்?
அ. திருடன் பயம். (சப்பென்று இருக்கிறது.)
ஆ. பருத்த சம்பந்தி உள்ளே வந்துவிடக்கூடாது என்று. (சிரிப்புக் கட்டுரை போன வாரம்தான் போட்டோம்.)
இ. மகள்? மகள்! கட்டில்! அப்பாவுக்கு என்ன தொழில்? மரவேலை? வேண்டாம். கடிகாரம். கடிகாரம் என்றால் அழுவார்கள்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அழுதேன்," என்றார்.

பிறகு அவர், "பருத்த சம்பந்தி!" என்று ஆரம்பித்து, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பஸ் ஓட்டுநர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

6

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை கொத்தனார் இடதுபக்கச் சாந்தைக் கொத்தியதும் நிறுத்திவிட்டார்.

"அம்மா, இந்தச் செங்கல் வேற. பின்னாடி ஒட்டுனது."

உண்மைதான். ஒட்டுச்சுவருக்குப் பின்னால் பழைய நிலைச்சட்டம் இருந்த குழி தெரிந்தது. அந்த வாசல் முதலில் நான்கடி அகலம், பாரம் ஏற்றிய கைவண்டி உள்ளே போகிற வாசல். பிற்பாடு யாரோ நிஜமாகவே அடைத்துக் குறுக்கியிருக்கிறார்கள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது.

"பார்த்தீங்களா, கதை நிஜம்தான்!" என்று குதித்தார், தலைவியோடு வேலையைப் பார்க்க வந்திருந்த வழிகாட்டி.

"நிஜமோ பொய்யோ, வாசல் பழைய அகலத்துக்குப் போகுது," என்றார் தலைவி. "கொத்துங்க."

முடிவுகள் சில வைத்திருந்தேன். செங்கல்லுக்கு நடுவே ஒரு கடிதம் கிடைப்பது. (அச்சகத்து ஆள் இப்போதும் வந்து உட்கார்ந்தால் எழுதிவிடுவேன். அவர் வரவில்லை.) நரைத்த தலையோடு ஒரு பெண் வந்து "அந்த மகள் நான்தான்" என்பது. (என் பத்திரிகை ஆசிரியர் போனில் கெஞ்சினார். மறுத்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை மதியம் படியில் பலகை போட்டிருந்தது. மனைவி பின்னாலிருந்து தள்ள, தெருவே பஸ்ஸைப் பின்னெடுக்கச் சொல்வதுபோல் "வா, வா, ரைட்ல இடம் இருக்கு, வா" என்று கத்தியது.

"யாரும் எனக்கு ஓட்டச் சொல்லித் தர வேணாம்," என்றார் பஸ் ஓட்டுநர்.

சரியாக வாசலின் நடுவில் தையல்காரர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கழுத்து நாடாவை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தார். வெட்டுப்பட்டுத் தெரிந்த பழைய செங்கல் ஓரத்தைத் துணிபோல விரலால் தடவினார்.

"பார்த்தியா, பின்னாடி பிரிச்சுக்கலாம்னு உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கான்," என்றார்.

பிறகு உள்ளே போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். மூன்றாவது தடவை வெளியே வந்தபோது நிற்கவில்லை. டீ குடிக்கத் தெருமுனைக்குத் தனியாகப் போய்விட்டார்.

பதிவேட்டில் இப்போது அந்த வீட்டுக்குப் புதிய பக்கம். "வாசல் குறுக்கப்பட்ட காரணம்" என்ற கட்டம் காலியாக இருக்கிறது. தலைவி பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

யார் குறுக்கினார்கள், எதற்காக? உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலில் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு நடை அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள்.

இனி ஒருக்களிக்க வேண்டாம்.