அம்மா போட்ட ஹார்ட்

இணையத்தில் வசை எழுதுகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அங்கியோடு நான் போட்ட படத்துக்குக் கீழே எவனெவனோ வாந்தி எடுத்திருந்தான். அதையெல்லாம் ஆதாரமாகக் கொண்டுபோயிருந்தேன். சலவைக் கடையில் இஸ்திரி போடும் அம்மா, அரை நாள் லீவு சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு முன்னால் பேசிய கண்ணாடிக்காரர், "சும்மா ஜோக்குக்கு எழுதறதுக்கெல்லாம் சட்டமா? சிரிச்சிட்டுப் போக வேண்டியதுதானே!" என்றார். கைதட்டல் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் ஆதாரம் திரையில் விரிந்தது. கூட்டத்தை நடத்திய அதிகாரி கண்ணைச் சுருக்கினார்.

"எல்லாத்துக்கும் ஒரு ஹார்ட் விழுந்திருக்கே. யாரும்மா போட்டது?"

ஆத்திரத்தில் நான் கவனிக்கவே இல்லை. அம்மாவின் கணக்கு!

"எங்கம்மா சார்."

"வீட்டுலயே ரசிச்சிருக்காங்க. இதை எப்படி ஆதாரமா எடுத்துக்கறது?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அம்மா எழுந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். எம்பொண்ணு படத்துக்குக் கீழ நல்லதத்தானே எழுதுவாங்கன்னு ஒருத்தர விடாம போட்டேன். வெரலே வலிச்சுது." கண்ணாடிக்காரரிடம் திரும்பினாள். "ஜோக்குன்னீங்களே தம்பி, கொஞ்சம் படிங்க. நானும் சிரிக்கிறேன்."

அவர் திரையைப் பார்த்தார். "மூஞ்சியப் பாரு..." என்று தொடங்கி நின்றார். அடுத்த வரியில் காது சிவந்துவிட்டது.

"இத எப்படிங்க உங்ககிட்ட..."

"என்கிட்டப் படிக்க முடியாததையா எம்பொண்ணுக்கு எழுதினாங்க?"

"படிங்க சார், ஜோக்குதானே!" பின்வரிசையில் ஒரு பெண்குரல். இந்த முறை மண்டபத்தின் சிரிப்பு எங்கள் பக்கம்.

"ஆதாரம் ஏத்துக்கிட்டாச்சு," என்றார் அதிகாரி. கண்ணாடிக்காரர் தன் பெயரை 'வேண்டாம்' பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார். 'வேண்டும்' பட்டியலில் சேர்க்கச் சொல்லவில்லை. போகட்டும். என் மூன்று நிமிடத்தையும் நான் கத்தியே தீர்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா போனை நீட்டினாள்.

"இவன்?"

"திட்டறான்."

ஹார்ட்டை எடுத்தாள்.

"இவன்?"

"அவனும்தான்."

எடுத்தாள்.

"இது?"

"வாழ்த்துக்கள்னு போட்டிருக்கும்மா. உன் கடை முதலாளி."

"அந்தாளா? நேத்து அவரே சட்டையக் கருக்கிட்டுப் பழிய என்மேல போட்டாரு. இதையும் எடுத்துடவா?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.