இரண்டாவது பொன்னாடை

அகில இலங்கைத் தும்பிப் படகுச் சங்கத்தில் படகு ஓட்டத் தெரிந்தவர்கள் ஏழு பேர். படகோட்டிகளை ஓட்டுகிறவர்கள் பத்தொன்பது பேர். தலைவர் ஒருவர், இணைத்தலைவர் ஒருவர், உபதலைவர்கள் ஒன்பது பேர், போஷகர்கள் ஏழு பேர், செயலாளர் ஒருத்தி. இரண்டு கணக்கிலும் வருகிற ஒரே ஆள் அந்தச் செயலாளர் லோஜினிதான்.

தும்பி என்பது எட்டடி நீளமுள்ள சின்னப் பாய்மரப் படகு. எல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவுப் பாய். அதனால் தும்பியோடு தும்பிதான் போட்டி போட முடியும். அக்கரப்பத்தனைப் பக்கம் வெள்ளிமலைத் தேயிலைத் தோட்டத்தில் அணை கட்டி, ஒன்பதாம் நம்பர் மலை தண்ணீருக்குள் போனபோது, அங்கே கொழுந்தெடுத்தவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு வெளிநாட்டுத் திட்டம் யோசித்தது. சனங்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கூரைத்தகரம் கேட்டார்கள். பத்துத் தும்பிகள் வந்து இறங்கின. தகரம் இன்னும் வரவில்லை.

அப்போது லோஜினிக்குப் பதினான்கு வயது. வீட்டில் ஒரு காம்பராவுக்குள் ஆறு பேர். யாராவது திரும்பிப் படுத்தால் எல்லோரும் திரும்ப வேண்டும். ஏழாம் நம்பர் தும்பிக்குள் உட்கார்ந்து பாயை இழுத்துப் பிடித்தபோதுதான், தனக்கென்று ஓர் இடம் இந்த உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு முதன்முதலாகத் தெரிந்தது. இப்போது இருபத்தெட்டு வயது, தேயிலைத் தொழிற்சாலை ஆபிசில் கிளார்க் வேலை. மூன்று மொழியிலும் கடிதம் எழுதத் தெரிந்த பாவத்துக்குச் செயலாளராக்கி, போட்டி நடத்துகிற பொறுப்பையும் தலையில் கட்டிவிட்டார்கள். நடத்துகிறவள் ஓட்ட முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழாம் நம்பர் அவளுடையதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான் இப்போது ஆபத்து. கொழும்பிலுள்ள தலைமைச் சங்கம் கடிதம் போட்டிருந்தது. இரண்டு வருடங்களாகத் தேசிய சாம்பியன் போட்டி முடிவில்லாமல் போயிருக்கிறது, இந்த வருடமும் அப்படியே போனால் தும்பிப் பிரிவையே கலைத்துப் படகுகளைக் கரையோர மாவட்டங்களுக்கு அனுப்பிவிடுவோம் என்றது கடிதம். லோஜினி அதை நான்கு தடவை வாசித்தாள்.

போட்டி ஏன் முடியவில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை. வெள்ளிமலையில் காற்று காலை பத்து மணிக்குக் கணவாய் வழியாக வரும், பன்னிரண்டரைக்குப் போய்விடும். ஒரு மணிக்கு மூட்டம் இறங்கினால் பக்கத்திலிருப்பவன் மூக்கும் தெரியாது. நிர்வாகிகளின் பேச்சும் சரியாகப் பத்து மணிக்குத்தான் வரும். ஆனால் அது பன்னிரண்டரைக்குப் போகாது.

தலைவர் அழகுமுத்து ஒரு தொழிற்சங்கத்தின் பிரதேசத் தலைவர். இணைத்தலைவர் பொன்னையா எதிர்த் தொழிற்சங்கத்தின் பிரதேசத் தலைவர். ஒருவர் இருபது நிமிடம் பேசினால் மற்றவர் இருபத்தொன்று பேசுவார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருந்தே தீருவேன் என்கிற இரண்டு பேரை ஒரே மேடையில் ஏற்றிவிட்டு, காற்றைக் காத்திருக்கச் சொன்னால் அது காத்திருக்குமா?

இதில் இன்னொரு கூத்து, சங்கத்திடம் கொடி கிடையாது. படகுப் போட்டியைக் கொடி காட்டித்தான் தொடங்க வேண்டும். எந்த நிறத்தில் வாங்குவது என்று ஐந்து வருடமாகக் கூட்டம் நடந்தது. சிவப்பு ஒரு தொழிற்சங்கத்தின் நிறம், பச்சை இன்னொன்றின் நிறம், நீலத்துக்கும் மஞ்சளுக்கும் உபதலைவர்களில் ஆள் இருந்தது. வெள்ளை சாவுக்கு ஆகும் என்றார் ஒரு போஷகர்.

லோஜினி யோசித்தாள். கொடிக்குத்தானே கட்சி இருக்கிறது, பொன்னாடைக்கு இல்லையே. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள்.

"இந்த வருசம் பேச்சுக்கு முன்னாடியே பொன்னாடை போட்டுருவோமுங்க. மொத பொன்னாடை தூக்குனா அஞ்சு நிமிசத்துல ரெடின்னு படகுக்காரங்களுக்குச் சைகை. ரெண்டாவது போட்டா போட்டி ஆரம்பம். தலைவருக்கு இணைத்தலைவர் போடுவாரு. இணைத்தலைவருக்குத் தலைவர் போடுவாரு."

சங்க வரலாற்றில் முதல் தடவையாக ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யாருக்கு முதலில் என்பதை மட்டும் பூவா தலையா போட்டார்கள். அழகுமுத்து வென்றார். லோஜினி போட்டி விதிகளை எழுதி நீட்ட, அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் வாசித்துக் கையெழுத்துப் போட்டதில்லை.

போட்டி நாளன்று தண்ணீரைப் பார்த்த மாதிரி மேடை போட்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்கு ஆறு தும்பிகள் பாய் விரித்து நின்றன. நான்கு உள்ளூர்ப் படகு, இரண்டு திருகோணமலைக்காரர்களுடையது. உள்ளூரில் ஒருவன் வினோஜன், தலவாக்கலையில் ஆட்டோ ஓட்டுகிறவன், அழகுமுத்துவின் அக்கா மகன். ஆட்டோவில் அவனை முந்த ஆளில்லை. தண்ணீரில் அவன் முந்த ஆளில்லை.

முதல் பொன்னாடை பதினொரு மணிக்கு உயர்ந்தது. பொன்னையா அதை அழகுமுத்துவின் தோளில் போட, ஹட்டனிலிருந்து வந்த போட்டோக்காரர் முன்னால் நின்று, பக்கத்தில் நின்று, குனிந்து நின்று படம் பிடித்தார். ஐந்து நிமிடம் ஆனது. அழகுமுத்து இரண்டாவது பொன்னாடையை விரித்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். அந்த நேரம் பார்த்துக் கணவாயிலிருந்து நல்ல காற்று ஒன்று இறங்கியது. ஆறு பாயும் ஒரே சமயத்தில் புடைத்துப் படகுகள் பாய்ந்தன. சனம் முழுவதும் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. கையில் போன் வைத்திருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். போட்டோக்காரரும் திரும்பினார்.

பொன்னையா கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். எதிரே போட்டோக்காரரின் முதுகுதான் இருந்தது.

"எனக்கு வேணாம்யா ஒங்க பொன்னாடை" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். அழகுமுத்து தூக்கிய பொன்னாடையைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மடித்துத் தட்டில் வைத்தார்.

மேடையோரம் தட்டைப் பிடித்திருந்த லோஜினி இதைப் பார்த்தாள், பார்த்த அடுத்த நொடியே மறந்தாள். படகுகள் முதல் மிதவையைச் சுற்றிக்கொண்டிருந்தன. இந்த அணையில் அவள் அப்படியொரு போட்டியைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு பத்துக்குத் திருகோணமலை நிரூபா முதலாவதாக வந்து சேர்ந்தாள். வினோஜன் ஆறாவதாக வந்தான். மூட்டம் வருவதற்கு முன்னால் ஆறு பேரும் கரையேறிவிட்டார்கள். லோஜினி படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று கொஞ்சம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

சாண் ஏறினால் முழம் சறுக்குவதுதானே நம்முடைய வழக்கம். மத்தியானச் சாப்பாட்டின்போது மைக்கைப் பிடித்திருந்த உபதலைவர் ஒருவர், "நமது இணைத்தலைவர் பொன்னையா அவர்களின் பொன்னாடையால் ஆரம்பமான இந்தத் தேசியப் போட்டி" என்று நீட்டி முழக்கினார். அழகுமுத்து ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார்.

"அப்ப என்னோட பொன்னாடை?"

"அது ஆயத்தத்துக்குங்க தலைவரே" என்றாள் லோஜினி.

"ஆயத்தம்னா?"

"ரெடியாகுறதுங்க."

அழகுமுத்து விதிகளை வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் கையெழுத்துப் போட்ட ஒன்றை வாசித்தார். 'இரண்டாவது பொன்னாடை போர்த்தப்பட்டதும் போட்டி ஆரம்பமாகும்' என்றிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. போர்த்தப்படவே இல்லையே.

'உயர்த்தப்பட்டதும்' என்று எழுதாமல் போனதற்கு லோஜினியைக் குற்றம் சொல்ல முடியாது. மலையகத்தில் உயர்ந்த பொன்னாடை எதுவும் ஒரு தோளில் விழாமல் கீழே இறங்கிய சரித்திரம் கிடையாது. அப்படி நடக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

அழகுமுத்து ஆட்சேபனை கொடுத்தார். ஆட்சேபனைக் குழு என்றால் ஜெயரத்தினம் மாஸ்டர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்றும் திரும்பிப் போகாதவர். சர்வதேச விதிப் புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படித்தவர் சங்கத்திலேயே அவர் மட்டும்தான். ஆட்சேபனைப் படிவத்தையும் அவர்தான் தயாரித்து வைத்திருந்தார். அதுவரை யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஆட்சேபிப்பதற்குப் போட்டி என்று ஒன்று முடிந்திருக்க வேண்டுமே.

படகுக் கொட்டகையில் விசாரணை நடந்தது. ஆட்சேபனைக்குரிய நேரம் இரண்டரை மணியோடு முடியும் என்று மாஸ்டர் சொல்லி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்போது இரண்டேகால். படகோட்டிகள் ஆறு பேரும் ஈரத்தோடு சுவரோரம் நின்றார்கள்.

"பொன்னாடை போர்த்தினீங்களோ?"

"போர்த்தலீங்க" என்றார் அழகுமுத்து. "கையால தொட்டும் பாக்காம எறங்கிப் போயிட்டாரு. போட்டி செல்லாதுங்க."

பொன்னையாவைக் கூப்பிட்டார்கள். தேசியப் போட்டியைத் தொடங்கிவைத்தவர் என்று தன் பெயர் கொழும்புவரை போகப் போகிறது என்ற விஷயம் அதற்குள் அவர் காதுக்கும் வந்திருந்தது.

"போர்த்துனாரு" என்றார் பொன்னையா. "நல்லாவே போர்த்துனாரு. நான்தான் பெருந்தன்மையா கழட்டிக் குடுத்துட்டு வந்தேன்."

படம் இருக்கிறதா என்று மாஸ்டர் கேட்டார். ஊரிலிருந்த அத்தனை போனிலும் படகுகள் இருந்தன. மேடை ஒன்றிலும் இல்லை.

மாஸ்டர் லோஜினி பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர்தானே தட்டோட பக்கத்தில நிண்டனீர். என்ன கண்டனீர் எண்டு சொல்லும்."

போர்த்தினார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படகுகள் இங்கேயே இருக்கும். இந்தக் கொட்டகையில் அதைப் பொய் என்று நிரூபிக்க ஒருவராலும் முடியாது. லோஜினி கதவு வழியாக ஏழாம் நம்பரைப் பார்த்தாள். அந்தப் படகில் அவள் கற்ற முதல் விதியே இதுதான். மிதவையில் உரசிவிட்டால், யாரும் பார்க்காவிட்டாலும், நீயே ஒரு சுற்றுச் சுற்றித் தண்டனையை அனுபவித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பதினான்கு வருடத்தில் அவள் ஒருநாளும் சுற்றாமல் போனதில்லை.

"போர்த்தல சேர்" என்றாள். "தூக்குனாரு. போர்த்தல."

பொன்னையா அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். அழகுமுத்து எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். ஒரு நல்ல பிள்ளையின் வாயால் தான் ஜெயித்துவிட்டதாகவே அவருக்கு நினைப்பு. லோஜினி பாய்மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மாஸ்டர் எழுதினார். "பொன்னாடை போர்த்தப்படவில்லை. ஆரம்பம் பிழை. சரி." பிறகு படிவத்தைப் புரட்டினார். "இதில ஒரு இடம் வெறுமையாக் கிடக்குது. ஆட்சேபிக்கும் படகின் இலக்கம். நீங்கள் எந்தப் படகு?"

"நான் தலைவருங்க."

"அது தெரியும். படகு இலக்கம் என்ன?"

"நான் படகு இல்லீங்களே சேர்."

"அப்ப ஆட்சேபிக்க ஏலாது. போட்டியில பாதிக்கப்பட்ட படகுதான் ஆட்சேபிக்கலாம். தலைவர் எண்டு ஒரு படகு பதிவேட்டில இல்லை." மாஸ்டர் மேசையில் கிடந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நாலு நிமிசம் கிடக்குது. ஏதாவது ஒரு படகு கையெழுத்து வைச்சால், ஆரம்பம் பிழை எண்டு போட்டியை ரத்துச் செய்யிறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

அழகுமுத்துவுக்குப் படகு தேடவா வேண்டும்? சுவரோரம் அக்கா மகனே நின்றான். கடைசியாக வந்தவன், போட்டி ரத்தானால் அவனுக்கு நட்டமும் இல்லை. படிவத்தையும் பேனையையும் கொண்டுபோய் அவன் கையில் திணித்தார்.

"போடுடா மாப்ள கையெழுத்த."

வினோஜன் பேனையை வாங்கினான். லோஜினி அவனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குள் மூட்டம் மெதுவாக நுழைந்தது.

"போட்டி ரத்தாச்சுன்னா நான் எத்தனாவது மாமா?"

"ரத்துன்னா ஏதுடா எத்தனாவது?"

"இப்ப நான் ஆறாவது."

"கடைசிடா அது."

"இங்க கடைசி. அகில இலங்கையில ஆறாவது மாமா." வினோஜன் பேனையை மூடி அவர் சட்டைப் பையில் செருகினான். "ஆட்டோ பின்னால எழுதிப்போடப் போறேன். ஒங்களுக்குப் பொன்னாடை அடுத்த மாசமும் போடுவாங்க. எனக்கு இது ஒண்ணுதான்."

அழகுமுத்து மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒருவரும் கையை நீட்டவில்லை. மாஸ்டர் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார்.

"நேரம் முடிஞ்சுது. முடிவு நிக்குது."

லோஜினி எழுந்து மேசைக்குப் போய் உட்கார்ந்து, கொழும்புக்குப் போக வேண்டிய முடிவுப் பட்டியலை எழுதத் தொடங்கினாள். வினோஜன் ஈரச் சட்டையோடு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி, ஆறாவது பெயர் வரும்வரை அங்கேயே நின்றான்.